‘கேரி’ பாட்டுகள் ஆல்பமாக வருமா?

ஜெர்சி சிட்டி,
ஏப்ரல் 5, 2012

அன்புத் தோழிக்கு,

மகளுக்கு பிளஸ் டூ தேர்வு முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். இனி கொஞ்ச நாள் அவளும் தூங்கட்டும், நீயும் தூங்கு. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக நடந்ததில் எனக்கும் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

சரி, நீ காத்திருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். நம் ‘கேரி’ இசை நாடகத்தை மறுபடி போட்டிருக்கிறார்கள், பார்த்துவிட்டேன், இரண்டு முறை. ஸ்டீபன் கிங் நாவலில் வரும், மனசாலேயே பொருள்களை அசைக்கும் அந்தப் பள்ளிப் பெண்ணின் கதைதான். பாத் ரயிலில் நியூயார்க் போய் கிறிஸ்டோபர் தெருவில் இறங்கினால் லூசில் லார்டெல் தியேட்டர் பக்கத்தில்தான். 299 இருக்கைகள் மட்டுமே. 1988இல் ஏறக்குறைய 80 லட்சம் டாலர் செலவழித்து நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் போட்ட நாடகம் இது. மே 12 அன்று தொடங்கி 15ஆம் தேதி மூடினார்கள். முன்னோட்டக் காட்சிகளை விட்டுவிட்டால் ஐந்தே காட்சிகள். ஆல்பம் என்று ஒன்று வரவே இல்லை. நாம் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தபோது மிச்சம் இருந்தது அந்தக் கேசட்தான்.

ஞாபகம் இருக்கிறதா? யாரோ அரங்கத்தில் திருட்டுத்தனமாகப் பதிவு செய்ததற்கு எத்தனையாவது பிரதியோ அது. கேரியின் தாயாகப் பாடிய பெட்டி பக்லி குரலை உயர்த்தும்போதெல்லாம் டேப் கரகரக்கும். கேரியாகப் பாடிய லின்ஸி ஹேட்லிக்கு அப்போது 17 வயதுதான் என்று தெரிந்த அன்று, நீ கேசட்டை முதலிலிருந்து சுற்றி மறுபடியும் போட்டாய்.

இப்போது பார்த்தது கிட்டத்தட்ட வேறு நாடகம். கதையை எழுதிய கோஹன், இசையமைத்த மைக்கேல் கோர், பாடல்கள் எழுதிய டீன் பிட்ச்ஃபோர்ட் மூவருமே உட்கார்ந்து திருத்தியிருக்கிறார்கள். நடந்ததையெல்லாம் கேரியோடு படித்த சூ விசாரணையில் சொல்வதுபோல் அமைத்திருக்கிறார்கள். பன்றியைக் கொல்லும் பாட்டு போய்விட்டது. சில புதுப் பாட்டுகள் பழையவற்றின் பக்கத்தில் நிற்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் தாயும் மகளும் வரும் காட்சிகளுக்கு முன்னால் எந்தக் குறையும் நினைவுக்கு வராது. தாயாக மாரின் மாஸி. மகளைக் கொன்றுவிடுவது என்று முடிவெடுத்துவிட்டு, ‘வென் தேர்ஸ் நோ ஒன்’ பாடுகிறாள். அவள் கத்தவே இல்லை. வீட்டில் தனியாக இருப்பவள் தனக்குள் பாடிக்கொள்வதுபோல் ஆரம்பித்தாள், எனக்கு மூச்சு நின்றுவிட்டது. மோலி ரான்சனின் கேரியும் அப்படித்தான், அந்தப் பெண்ணைப் பார்த்துப் பயம் வரவில்லை, பக்கத்தில் போய் நிற்க வேண்டும் போல இருந்தது.

ஏப்ரல் 22 வரை இருக்கும் என்றார்கள். இப்போது வரும் ஈஸ்டர் ஞாயிறோடு முடிக்கிறார்களாம். அதனால்தான் இத்தனை பதற்றம். ஒலிப்பதிவு செய்ய வேண்டுமென்றால் இவர்கள் கலைவதற்குள் செய்வதுதான் நல்லது. ஒரு நாள் பதிவுக்கே நடிகர்களுக்கு ஒரு வாரச் சம்பளம் தர வேண்டும், வாத்தியக்காரர்களுக்குத் தனி. காட்சி நின்றுபோன நாடகத்துக்கு யார் அந்தப் பணத்தைப் போடுவார்கள் என்று கேட்பார்கள்.

போட்டிருக்கிறார்களே! 1964இல் ‘எனிஒன் கேன் விசில்’ என்ற இசை நாடகம் ஒன்பது காட்சிகளோடு மூடியது. கொலம்பியா நிறுவனம் மறுநாளே எல்லோரையும் கூட்டிப் பதிவு செய்தது. 1981இல் ‘மெரிலி வீ ரோல் அலாங்’ 16 காட்சிகள்தான், அதையும் மறுநாளே பதிவு செய்தார்கள். அந்தத் தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே பிறகு அந்த நாடகங்களைத் திரும்ப மேடைக்குக் கொண்டுவந்தார்கள்? கேரிக்கு அந்த உதவிகூடக் கிடைக்கவில்லை. நம்மைப் போன்றவர்களின் கேசட்டுகளில்தான் 24 வருஷம் ஓட்டியிருக்கிறது.

எனக்கு நம்பிக்கை இருக்கிறது. கோஸ்ட்லைட் மாதிரி சின்ன இசைத்தட்டு நிறுவனங்கள் இதையெல்லாம் ஆசையோடு செய்கின்றன. போன வருஷம் அவர்கள் போட்ட ‘புக் ஆஃப் மார்மன்’ இசை நாடக ஆல்பம் பில்போர்டின் ஆல்பம் தரவரிசையில் மூன்றாம் இடம்வரை போனது. அந்த லாபத்தில் ஒரு பங்கு இதற்குப் போதாதா? தியேட்டர்காரர்களுக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டிருக்கிறேன். நீயும் எழுது. மதுரையிலிருந்து ஒரு கடிதம் வந்தால் அவர்களுக்கும் தெரியட்டும், இதைக் கேட்கக் காத்திருப்பவர்கள் எங்கெல்லாம் இருக்கிறார்கள் என்று.

ஞாயிற்றுக்கிழமைக்கும் டிக்கெட் எடுத்துவிட்டேன். ஆல்பம் வந்தால் இரண்டாக வாங்கி ஒன்றை உனக்கு அனுப்புகிறேன். அப்புறம், அந்தக் கேசட் உன்னிடம்தானே இருக்கிறது? வீடு மாற்றும்போது தூக்கிப் போட்டுவிடாதே. பன்றிப் பாட்டு நம்மிடம் அதில் மட்டும்தான் இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி