மாத்திரையோடு நான்கு வார்த்தையும் சொல்லுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இலவச மருத்துவ முகாம் நடத்தும் பெரியோர்களுக்கும், அங்கு வந்து நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்களுக்கும் வணக்கம்.

போன சித்திரையில் எங்கள் ஆத்தா வளவில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊரே வெயிலில் வெந்துகொண்டிருக்க, அவருக்கு மட்டும் குளிர். ஆத்தங்குடித் தரையைக் கூட்டினால் விளக்குமாற்றில் கொத்துக் கொத்தாக முடி. முன்பு ஒரு முகாமில் 'தைராய்டு' என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். உடம்பு தேறியதும், "அதுதான் குணமாகிவிட்டதே" என்று நிறுத்திவிட்டார். உப்பில் கலக்கும் அயோடின்தான் காரணம் என்று யாரோ சொல்ல, உப்பையும் மாற்றிவிட்டார்.

ஆத்தாவுக்கு வந்திருப்பது, கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பியை உடம்பே தாக்கி அதன் சுரப்பைக் குறைத்துவிடும் ஹஷிமோட்டோ நோய் என்று பிறகுதான் தெரிந்தது. நமக்குக் காவல் நிற்கும் வெள்ளையணுக்களில் டி செல் என்று ஒரு வகை உண்டு. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் பழகித்தான் அவை வெளியே வருகின்றன. சொந்த உடம்பையே தாக்கக்கூடியவை பெரும்பாலும் அங்கேயே கழிக்கப்பட்டுவிடும். தப்பி வரும் சிலவற்றை அடக்கி வைக்கவும் தனி டி செல்கள் இருக்கின்றன. அந்தப் பிடி தளர்ந்தால் தப்பி வந்தவை தைராய்டுக்குள் புகுந்து குடியேறிவிடுகின்றன. சில, பி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்களைத் தூண்டி எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) சுரக்க வைக்கின்றன. சில, தைராய்டு செல்களை நேரடியாகவே கொல்கின்றன. 1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ நான்கு பெண்களின் தைராய்டுத் திசுவில் இந்த வகை அணுக்கள் மொய்த்துக் கிடந்ததை எழுதிவைத்தார். எதிர்ப்பொருள் வேறு விதமாக அமைந்தால் தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும். அது கிரேவ்ஸ் நோய். இரண்டையும் 'தைராய்டு' என்ற ஒரே சொல்லில் அடக்கி அனுப்பிவிடுவது எப்படிச் சரியாகும்?

ஆத்தா சாப்பிடும் மாத்திரை இந்தத் தாக்குதலை நிறுத்துவதில்லை. சுரப்பி தரமுடியாமல் போனதை வெளியிலிருந்து ஈடுகட்டுகிறது, அவ்வளவுதான். இதை அன்றே யாராவது சொல்லியிருந்தால் ஆத்தா நிறுத்தியிருக்க மாட்டார். அயோடின் மிதமிஞ்சிப் போனால் இந்த நோயைத் தூண்டக்கூடும் என்பது உண்மை. அதற்காக அயோடின் உப்பையே கைவிடுவது தவறு. வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு அது வேண்டும்.

தைராய்டைச் சுரக்கத் தூண்டும் டி.எஸ்.ஹெச். ரத்தத்தில் கூடியிருப்பவர்களுக்கு, தைராய்டைக் குறிவைக்கும் எதிர்ப்பொருளைக் காட்டும் ஆன்ட்டி டி.பி.ஓ. ரத்தப் பரிசோதனையை ஒரே ஒரு முறை செய்யுங்கள். எதிர்ப்பொருள் இருந்தால், இது உடம்பின் காவலே தடம் மாறிய நோய் என்று தமிழில் சொல்லுங்கள். இது குடும்பத்தில் தொடரக்கூடியது, பெண்களுக்கே அதிகம் வருவது. அதனால் மகள்களையும் உடன்பிறந்த பெண்களையும், முக்கியமாகக் கர்ப்பத்துக்கு முன், பரிசோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடுதான் விழுங்க வேண்டும். காப்பிக்கு அரைமணி நேரமாவது போகட்டும். நம் வீடுகளில் எழுந்ததும் முதலில் காப்பிதான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

சொல்ல நேரமில்லை என்றால் இவற்றை ஒரு தாளில் எழுதித் தாருங்கள். அடுத்த முகாமுக்குள் அச்சடித்துக் கொண்டுவருகிறேன், செலவு என்னுடையது.

இப்படிக்கு,
காரைக்குடிப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு மகள்