இன்னொரு செயலி வேண்டாம், ஒரு பொதுப் பட்டியல் தாருங்கள்

மதிப்பிற்குரிய பள்ளிக் கல்வித் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களிடம் மூவாயிரத்துச் சொச்சம் புத்தகங்கள் இருக்கின்றன. பட்டியல் என்றால் தடித்த அட்டை போட்ட சேர்க்கைப் பதிவேடு ஒன்றுதான். எந்தப் புத்தகம் எந்தத் தேதியில் வந்தது, என்ன விலை என்று அதில் பார்க்கலாம். ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளை வந்து, "பாம்பைப் பத்தி புத்தகம் இருக்கா மிஸ்?" என்று கேட்டால் அதில் பதில் கிடைக்காது. அந்தக் கேள்விக்காகத்தான் இரண்டு வருடமாக இணையக் கருவிகளை ஒவ்வொன்றாகப் பழகிப் பார்த்து வருகிறேன்.

முதலில் கூகுள் ஷீட்ஸில் தொடங்கினேன். நூறு புத்தகம் ஏற்றுவதற்குள்ளேயே சிக்கல் தெரிந்துவிட்டது. பாரதியார் ஒரு அட்டையில் 'பாரதியார்', இன்னொன்றில் 'சுப்பிரமணிய பாரதி', மற்றொன்றில் 'சி. சுப்பிரமணிய பாரதி'. இருக்கிறபடியே தட்டச்சு செய்தால் கணினிக்கு மூன்று பேர். மு.வ., மு. வரதராசன், மு. வரதராசனார் என்பதிலும் அதே கதைதான். அப்புறம் ஒரு நோட்டு போட்டு, ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஒரே பெயர், ஒரே எழுத்துக்கூட்டல் என்று முடிவு செய்து எழுதினோம். பிளஸ் ஒன் மாணவிகள் இரண்டு பேர் மதிய இடைவேளையில் வந்து உதவினார்கள். அந்த நோட்டுதான் எங்கள் நூலகத்தில் நடந்த பெரிய வேலை என்று நினைக்கிறேன். எந்தக் கருவியும் அதைத் தானாகச் செய்து தராது.

பொருள் வாரியாகப் பிரிப்பதும் அப்படித்தான். புத்தகங்களைப் பொருள் வாரியாக எண்ணிட்டு அடுக்க நூலகங்கள் பயன்படுத்தும் டியூயி முறையில் தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811 என்ற எண்ணுக்குள் அடங்குகிறது. வேறு நாட்டு நூலகத்தில் அது ஒரு தட்டின் ஓரமாக இருக்கலாம். எங்களிடம் பாதி அலமாரி அதுதான். அதனால் பாம்பு, நிலா, கிரிக்கெட், அறிவியலாளர்கள் என்று பிள்ளைகள் கேட்கும் சொற்களையே தலைப்பாக்கி அந்த ஷீட்டில் ஒரு நெடுவரிசை சேர்த்தேன். இப்போது 'பாம்பு' என்று தேடினால் நான்கு புத்தகங்கள் வருகின்றன. அதில் ஒன்று கதைப் புத்தகங்களுக்கு நடுவே வருடக்கணக்கில் யாரும் தொடாமல் கிடந்தது.

அடுத்து இணைப்புகளைப் பகிரும் வேலை. மதுரைத் திட்டம் 1998 முதல் பழந்தமிழ் நூல்களை இலவசமாக இணையத்தில் தந்து வருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கிறது. இவற்றிலிருந்து வகுப்புவாரியாகத் தேர்ந்தெடுத்து, படங்களோடு ஒட்டிவைக்கும் ஒரு தளத்தில் அழகான பக்கம் செய்தேன். சில மாதங்களில் அந்தத் தளம் இலவசக் கணக்குக்கான வரம்பைக் குறைத்தது. பழைய பக்கங்களைத் திறக்க முடியவில்லை. பணம் கட்ட என்னிடம் வழியில்லை. ஒரு கோடை விடுமுறை உழைப்பு அப்படியே போயிற்று. பல தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013இலும், வகுப்புக்கான பக்கங்களை உருவாக்க ஆசிரியர்கள் நிறையப் பயன்படுத்திய விக்கிஸ்பேசஸ் 2018இலும் மூடப்பட்டதை அப்புறம்தான் படித்தேன். இப்போது எந்தக் கருவியைத் தொட்டாலும் முதலில் ஒன்றைத்தான் பார்க்கிறேன்: உள்ளே போட்டதைச் சாதாரணக் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா? முடியாது என்றால் அங்கேயே விட்டுவிடுகிறேன்.

மின்னூல் இணைப்புகளுக்கான கியூஆர் குறியீட்டை அலமாரியில் ஒட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் பள்ளிக்கு போன் கொண்டுவருவதில்லை, யார் ஸ்கேன் செய்வது? அதைச் சின்னச் சீட்டாக அச்சிட்டு நோட்டின் உள்ளட்டையில் ஒட்டியதும் நிலைமை மாறியது. அப்பா வேலை முடிந்து வந்த பிறகு அவருடைய போனில் திறந்து பார்க்கிறார்கள்.

இதையெல்லாம் ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்றால், நான் செய்த அதே வேலையைப் பக்கத்து ஊர்ப் பள்ளி நூலகரும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கிறது. அதே புத்தகங்கள், அதே பாரதியார். தயவுசெய்து எங்களுக்கு இன்னொரு செயலியும் இன்னொரு கடவுச்சொல்லும் தராதீர்கள். மாவட்டத்துக்கு ஒரு பொதுப் பட்டியல் தாருங்கள். நியூசிலாந்தில் ஒரு நூலகத்துக்காக உருவாகி 2000 முதல் பயன்பாட்டில் இருக்கும் கோஹா என்ற நூலக மென்பொருள் இலவசம், யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள். மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய இ-கிரந்தாலயா என்ற நூலக மென்பொருளும் இருக்கிறது. ஒரு பள்ளி தனியாகச் சர்வர் வைத்துப் பராமரிப்பது கஷ்டம், மாவட்ட அளவில் முடியும். ஒரு பள்ளி ஏற்றிய புத்தக விவரத்தை மற்றப் பள்ளிகள் அப்படியே எடுத்துக்கொள்ளட்டும். ஆசிரியர் பெயர்களுக்கும் பொருள் தலைப்புகளுக்கும் தமிழில் ஒரே பட்டியல் வேண்டும். அதை உருவாக்கும் குழுவில் அலமாரி முன்னால் நிற்பவர்களுக்கும் இடம் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எந்தப் பிள்ளை எந்தப் புத்தகத்தை எடுத்தது என்ற விவரம் அந்தப் பொதுப் பட்டியலுக்குள் வரவே கூடாது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதைக் கேட்பேன். வீட்டில் பேச முடியாத ஒன்றைப் பற்றிப் படிக்க, தயங்கித் தயங்கி ஒரு பிள்ளை புத்தகம் எடுத்துப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

வாரத்துக்கு இரண்டு பாடவேளை இந்த வேலைக்கென்று ஒதுக்கித் தந்தால் போதும், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். எங்கள் பட்டியலும் பெயர் நோட்டும் யூனிகோடில், யாரும் திறக்கக்கூடிய கோப்பாகத் தயாராக இருக்கின்றன. எங்கே அனுப்ப வேண்டும் என்று சொல்லுங்கள், அன்றைக்கே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி நூலகர்