நீதிமன்ற ஆவணங்களைத் தேடிச் சான்றிட்ட நகல் பெறும் நடைமுறையைப் பொதுமக்கள் அறியும்படி செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
மனுதாரர்,
மாவட்டப் பொதுமக்களில் ஒருவர்.

பெறுநர்:
மாண்பமை முதன்மை மாவட்ட நீதிபதி அவர்கள்,
மாவட்ட நீதிமன்றம்.

பொருள்: கீழமை நீதிமன்றங்களின் வழக்கு ஆவணங்களைத் தேடுதல், பார்வையிடுதல், சான்றிட்ட நகல் பெறுதல் – நடைமுறைகளைத் தமிழில் அறிவிக்கவும் உரிய வசதிகளைச் செய்து தரவும் வேண்டுதல் – தொடர்பாக.

மாண்பமை ஐயா / அம்மா,

வணக்கம். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, வங்கிக் கடன் என்று அலுவலகங்களுக்கு அலையும் அக்கம்பக்கத்தாருக்கு மனு எழுதிக் கொடுப்பதைப் பல ஆண்டுகளாக ஒரு தொண்டாகச் செய்து வருகிறேன். அந்த வேலை அடிக்கடி போய் முட்டி நிற்கும் இடம் ஒன்று உண்டு. வட்டாட்சியர் அலுவலகத்தில் பாகப்பிரிவினை வழக்கின் தீர்ப்பாணையை (டிக்ரியை) கேட்கிறார்கள். வங்கியின் சட்ட ஆலோசகர் அந்தச் சொத்தின் மீதிருந்த பழைய வழக்கு எப்படி முடிந்தது என்று கேட்கிறார். கடவுச்சீட்டுக்கோ அரசு வேலைக்கோ காவல்துறை விசாரணை வரும்போது, என்றோ விடுதலையான வழக்கின் தீர்ப்பைக் காட்டினால்தான் மேற்கொண்டு நகர முடிகிறது. நகல் கேட்டு முறைப்படி வருபவருக்கு நீதிமன்றம் மறுப்பதில்லை. ஆனால் எந்த நீதிமன்றத்தில், எந்தப் பிரிவில், என்ன விவரம் எழுதிக் கேட்பது என்பது வழக்கறிஞர்களுக்கும் அவர்களுடைய குமாஸ்தாக்களுக்கும் மட்டுமே தெரிந்ததாக இருக்கிறது. அந்த வழியை எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும் என்பதே இம்மனுவின் சாரம்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 153-பி பிரிவும், குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டமாகிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 366ஆம் பிரிவும் நீதிமன்றத்தைப் பொதுமக்கள் வந்துபோகக்கூடிய திறந்த மன்றமாகக் கருதுகின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியம், நீதித்துறையின் செயல்களைப் பதிவு செய்யும் ஆவணங்களைத் தன் 74ஆம் பிரிவில் பொது ஆவணங்களில் சேர்த்துவிட்டு, அவற்றைப் பார்வையிட உரிமையுள்ளவர் உரிய கட்டணத்துடன் கேட்டால் சான்றிட்ட நகல் தர வேண்டும் என்று 75ஆம் பிரிவில் சொல்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 76ஆம் பிரிவாக இருந்த அதே கடமைதான் இது. வழக்கின் தரப்பினர் தம் செலவில் தீர்ப்பு, தீர்ப்பாணை ஆகியவற்றின் சான்றிட்ட நகலைப் பெறலாம் என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 20, விதி 20. குற்றவியல் வழக்கில் சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகலை உடனடியாகக் கட்டணமின்றித் தர வேண்டும் என்பது சன்ஹிதாவின் 404ஆம் பிரிவு. ஆகவே நான் புதிய உரிமை எதையும் கேட்கவில்லை. இருக்கும் உரிமை, கையில் வழக்கு எண் இல்லாத ஒருவருக்கும் எட்ட வேண்டும் என்றே கேட்கிறேன்.

வழக்கு எண்தான் முதல் தடை. எல்லாவற்றிலும் பெரிய தடையும் அதுவே. நகல் மனுவில் நீதிமன்றத்தின் பெயர், வழக்கின் வகை, எண், ஆண்டு, தரப்பினர் பெயர், வேண்டும் ஆவணம் எது, அதன் தேதி ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். தந்தையோ பாட்டனாரோ நடத்திய வழக்கின் எண் வீட்டில் யாருக்கும் தெரிந்திருப்பதில்லை. "மாமா காலத்தில் முன்சீப் கோர்ட்டில் ஜெயித்தோம்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தெரியாதவர்களையே நான் அதிகம் சந்திக்கிறேன். முன்சீப் நீதிமன்றத்தில் எழுதப்பட்ட தீர்ப்பு சார்பு நீதிமன்றத்தில் மேல்முறையீடாகவும், அதன் பிறகு உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடாகவும் போயிருக்கலாம். ஒவ்வோர் இடத்திலும் எண் வேறு. தீர்ப்பை நிறைவேற்றப் போட்ட மனுவுக்கு இன்னோர் எண். மேல்முறையீட்டில் திருத்தப்பட்ட தீர்ப்பை விட்டுவிட்டு முதல் தீர்ப்பின் நகலை மட்டும் வாங்கிக் கொண்டு போகிறவர், வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து மறுபடியும் திருப்பி அனுப்பப்படுகிறார்.

எண் தெரியாதவருக்கும் தடயங்கள் உண்டு. அவற்றைச் சொல்லித் தர ஆள் இல்லை என்பதே குறை. பழைய கிரயப் பத்திரத்தின் முகவுரைப் பகுதியில், சொத்து வந்த வழியைச் சொல்லும்போது வழக்கு எண்ணையும் நீதிமன்றத்தையும் எழுதுவது பத்திர எழுத்தர்களின் வழக்கம். தீர்ப்பாணையோ நீதிமன்ற ஜப்தியோ சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்தால் வில்லங்கச் சான்றில் அதன் பதிவு விவரம் இருக்கும். நீதிமன்ற ஊழியரான அமீனா நேரில் வந்து சொத்தை ஒப்படைத்திருந்தால், அந்த ஒப்படைப்புத் தாளில் நிறைவேற்று மனுவின் எண் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டே மூல வழக்குக்குப் போய்விடலாம். குற்றவியல் வழக்காக இருந்தால் காவல் நிலையத்தின் பெயரும் முதல் தகவல் அறிக்கையின் எண்ணும் ஆண்டும் போதும். இவை எதுவுமே கிடைக்காதபோது மீதமிருப்பது அந்தந்த நீதிமன்றத்தின் வழக்குப் பதிவேடு. அதைப் பார்வையிட மனு கொடுக்கலாம் என்ற ஒரு வரிச் செய்தி பலருக்குத் தெரியாததால், இல்லாத ஆவணமாக நினைத்து அவர்கள் கைவிட்டு விடுகிறார்கள்.

இணையத்தில் இன்று கிடைக்கும் வசதியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் தளத்திலும் அதன் கைபேசிச் செயலியிலும் வழக்கு எண், தரப்பினர் பெயர், வழக்கறிஞர் பெயர், முதல் தகவல் அறிக்கை எண் ஆகிய எதைக் கொண்டும் தேட முடிகிறது. ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் பதினாறு எழுத்தும் இலக்கமும் கொண்ட சி.என்.ஆர். எண் கையில் இருந்தால், வேறெதுவும் கேட்காமல் வழக்கின் நிலை திரையில் வந்து விடுகிறது. பெயரைக் கொண்டு தேடும்போதுதான் சிக்கல் வருகிறது. பெயர்கள் ஆங்கில எழுத்தில் பதிவாகியிருப்பதால் முருகேசன் என்ற ஒரே பெயரை நாலு விதமாக எழுத முடியும். தலைப்பெழுத்து முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதும் தெரியாது. ஆண்டையும் சொல்ல வேண்டும். கணினிமயமாவதற்கு முன்பே முடிந்துவிட்ட வழக்குகள் பெரும்பாலும் அங்கே அகப்படுவதில்லை. அங்கே அகப்படும் தீர்ப்பைத் தரவிறக்கி அச்சிட்டாலும் அது சான்றிட்ட நகல் ஆகாது. முத்திரையும் கையொப்பமும் இல்லாத அந்தத் தாளுக்காகக் கணினி மையத்தில் பணம் கொடுத்துவிட்டு ஏமாந்து போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்நிலையில் தங்களிடம் முதலாவதாகவும் முதன்மையாகவும் வேண்டுவது இதுதான். மாவட்டத்தின் ஒவ்வொரு நீதிமன்ற வளாகத்திலும் உள்ள பழைய வழக்குப் பதிவேடுகளுக்கு, தரப்பினர் பெயர், கிராமம், ஆண்டு ஆகியவற்றைக் கொண்ட ஓர் அட்டவணையைப் படிப்படியாகத் தயாரித்து, ஆவணக் காப்பறையிலோ இ-சேவை மையத்திலோ பொதுமக்கள் கேட்டுத் தெரிந்து கொள்ள வழி செய்ய வேண்டுகிறேன். முழு ஆவணங்களையும் ஒளிவருடல் செய்வது பெரும் பணி என்பதை அறிவேன். அட்டவணை மட்டும் இருந்தாலே பாதிக் கஷ்டம் தீரும். கூடவே, எந்த வட்டத்தின் எந்த ஆண்டு வழக்குகள் இப்போது எந்தக் காப்பறையில் இருக்கின்றன என்ற பட்டியலும் தேவை. தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை போன்ற புதிய வருவாய் மாவட்டங்கள் 2019இல் உருவானதை மக்கள் அறிவார்கள். நீதிமன்றத்தின் அதிகார எல்லை வருவாய் மாவட்டத்தோடு சேர்ந்தே மாறிவிடுவதில்லை என்பதையும், புதிய நீதிமன்றம் திறக்கப்பட்டாலும் முடிந்துபோன வழக்கின் கட்டு பழைய இடத்திலேயே இருந்துவிடலாம் என்பதையும் அவர்கள் அறிய மாட்டார்கள்.

அடுத்து, நகல் மனு கொடுத்த பிறகு நடப்பவை. மனு நகல் பிரிவில் எண்ணிடப்படுகிறது. வழக்குக் கட்டு வரவழைக்கப்பட்டுப் பக்கங்கள் கணக்கிடப்படுகின்றன. அதற்கான கட்டணத்தைச் செலுத்தும்படி அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டப்படுகிறது. செலுத்திய பின் நகல் தயாராகி, ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டு, சான்றிடப்பட்டு வழங்கப்படுகிறது. மனு கொடுத்த நாள், கட்டணம் கோரிய நாள், செலுத்திய நாள், நகல் தயாரான நாள், வழங்கிய நாள் ஆகியவை நகலிலேயே குறிக்கப்படுகின்றன. இந்தத் தேதிகள் வெறும் அலுவலகக் குறிப்புகள் அல்ல. உரிமையியல் தீர்ப்பாணையை எதிர்த்துக் கீழமை மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக 30 நாள், உயர் நீதிமன்றத்துக்குப் போக 90 நாள் என்று 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் விதித்திருக்கிறது. நகல் பெறுவதற்குத் தேவைப்பட்ட காலத்தை அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு அந்தக் கணக்கிலிருந்து கழித்துக் கொள்ள இடம் தருகிறது. ஆனால் கட்டணம் கோரப்பட்ட பிறகு மனுதாரர் தாமே தாமதித்த நாள்கள் தேவைப்பட்ட காலமாகக் கொள்ளப்படுவதில்லை. பலகையில் ஒட்டிய பட்டியலைத் தினமும் வந்து பார்க்க முடியாத தொலைவில் வசிக்கும் ஒரு கூலித் தொழிலாளி, தம் கவனக்குறைவு எதுவும் இல்லாமலேயே மேல்முறையீட்டு உரிமையை இழக்கும் நிலை இதனால் வருகிறது. உரிய நாளுக்குள் கட்டணம் செலுத்தப்படாத மனு நீக்கப்பட்டுவிட்டால், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எனவே நகல் மனு வாங்கும்போதே மனு எண்ணும் தேதியும் இட்ட ஒப்புகைச் சீட்டு தரப்பட வேண்டும் என்றும், கட்டணம் கோரப்படும் நாளிலேயே மனுதாரரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி செல்ல வேண்டும் என்றும், அதே பட்டியல் மாவட்ட நீதிமன்றத்தின் இணையதளத்திலும் வெளியிடப்பட வேண்டும் என்றும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். வழக்கறிஞர் இன்றித் தாமாகவே மனு கொடுக்கும் தரப்பினரைத் திருப்பி அனுப்பாமல், நிரப்புவதற்கு எளிதான தமிழ்ப் படிவம் ஒன்றை நகல் பிரிவிலேயே இலவசமாக வைத்தால், வாசலில் பணம் வாங்கிக்கொண்டு எழுதித் தருவோரை நாட வேண்டிய தேவையே இருக்காது.

வழக்கில் தரப்பினராக இல்லாத மூன்றாம் நபரின் நிலை இன்னும் கடினமானது. ஒரு மனையை வாங்க முன்பணம் கொடுத்தவர், அம்மனை மீதான வழக்கில் யாரும் அல்லர். ஆனால் அந்தத் தீர்ப்பைப் பார்க்காமல் மீதிப் பணத்தைக் கொடுப்பது ஆபத்து. இப்படிப்பட்டவர் எதற்காக நகல் வேண்டும் என்பதைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லி மனு கொடுக்க வேண்டும்; நீதிபதியின் உத்தரவின் பேரில் நகல் கிடைக்கும். இதை அறியாத பலர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். நீதிமன்ற விதிகளில் நகல் பெற வழி இருக்கும்போது அந்த வழியிலேயே பெற வேண்டும் என்று குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே மூன்றாம் நபர் மனுவுக்கான மாதிரியும், எவை போதுமான காரணங்களாகக் கொள்ளப்படுகின்றன என்பதற்கான சில எடுத்துக்காட்டுகளும் நீதிமன்ற அறிவிப்புப் பலகையில் இடம் பெற வேண்டும். மனு நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். வாய்மொழியாக "கிடைக்காது" என்று சொல்லப்பட்டவர் அடுத்து எங்கும் முறையிட முடியாமல் நிற்கிறார்.

எல்லா ஆவணமும் எல்லோருக்கும் என்று நான் கேட்கவில்லை. பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டோரின் அடையாளம், சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்குகள், இளஞ்சிறார் தொடர்பானவை, மூடிய அறையில் விசாரிக்கப்படும் குடும்ப வழக்குகள் ஆகியவற்றின் மறைவு காக்கப்படவே வேண்டும். அதையும் அதே பலகையில் எழுதி வைத்தால் வீண் மனுக்கள் குறையும்.

விதிகளின்படி பாதுகாப்புக் காலம் முடிந்து அழிக்கப்பட்ட ஆவணங்கள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தீர்ப்பும் தீர்ப்பாணையும் மற்றத் தாள்களைவிட நெடுங்காலம் வைக்கப்படுகின்றன. வாக்குமூலங்களும் இடைக்கால மனுக்களும் முன்னதாகவே அழிக்கப்படலாம். அப்படி அழிக்கப்பட்டிருந்தால், எந்த ஆண்டு அழிக்கப்பட்டது என்ற விவரத்துடன் எழுத்துச் சான்று ஒன்றைத் தர உத்தரவிட வேண்டுகிறேன். மூல ஆவணம் அழிந்துபோனதைக் காட்டினால்தான் சாக்ஷிய அதினியத்தின் 60ஆம் பிரிவின்படி வேறு சான்றை முன்வைக்க முடியும் என்பதால், கட்டு இல்லை என்பதற்கான அந்த ஒரு தாள் கட்டைப் போலவே பயனுள்ளது.

இவற்றுள் அறிவிப்புப் பலகை, தமிழ்ப் படிவம், ஒப்புகைச் சீட்டு, எழுத்து மூலமான நிராகரிப்பு ஆகியவை தங்கள் நிர்வாக ஆணையாலேயே செய்யக்கூடியவை என்று நம்புகிறேன். பழைய பதிவேடுகளின் அட்டவணை, குறுஞ்செய்தி வசதி போன்றவற்றுக்கு மாண்பமை சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒப்புதலோ நிதியோ தேவைப்படுமானால், தங்கள் பரிந்துரையுடன் இம்மனுவை அங்கு அனுப்பி வைக்க வேண்டுகிறேன். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி இலவச உதவிக்கு உரிமையுள்ள பெண்கள், பட்டியல் வகுப்பினர், காவலில் இருப்போர் உள்ளிட்டோருக்கு நகல் மனு எழுதிக் கொடுக்கும் பணியையும் தன்னார்வலர்கள் மேற்கொள்ளும்படி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அறிவுறுத்தவும் வேண்டுகிறேன். அந்தப் பணியில் என்னால் இயன்ற உதவியைக் கட்டணமின்றிச் செய்ய ஆயத்தமாக இருக்கிறேன். இம்மனு மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

நகல்: செயலாளர், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு – தகவலுக்காகவும் உரிய நடவடிக்கைக்காகவும்.