பீட்டா ஓடிய மெஷினில் ஃபைனல்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். அவளுக்கு என் வாழ்த்தைச் சொல். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லையே.

பீட்டா (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) ஓடும் டெஸ்ட் மெஷின்களில் அதன் மேலேயே ஃபைனல் செட்டப்பை ஓட்டலாமா என்று கேட்டிருந்தாய். ஓட்டத்தான் வேண்டும். பீட்டா வாங்கிப் பார்த்த வாடிக்கையாளர்கள் அதைத்தான் செய்யப்போகிறார்கள். ஆனால் அந்த மெஷின் ‘பாஸ்’ ஆனதை மட்டும் நம்பி ரிலீஸுக்குச் சம்மதம் கொடுக்காதே. பீட்டா விட்டுப்போன ஒரு டிஎல்எல் (புரோகிராம் பயன்படுத்தும் துணைக் கோப்பு), ஒரு ரிஜிஸ்ட்ரி கீ (விண்டோஸ் அமைப்புகளைச் சேமிக்கும் இடத்தில் உள்ள ஒரு பதிவு) போதும், ஃபைனலில் இருக்கும் ஓட்டை வெளியே தெரியாமல் போக. 2009இல் விண்டோஸ் 7 பீட்டாவிலிருந்து (பில்ட் 7000) ஆர்சிக்கு (ரிலீஸ் கேண்டிடேட், பில்ட் 7100) நேராக ஏற முடியாதபடி மைக்ரோசாஃப்ட் செட்டப்பிலேயே தடை வைத்தது. நிஜ வாடிக்கையாளர்கள் முந்தைய பதிப்பான விஸ்டாவிலிருந்துதான் வருவார்கள், அந்தப் பாதைதான் சோதிக்கப்பட வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

உங்கள் செட்டப் எம்எஸ்ஐ (விண்டோஸ் இன்ஸ்டாலர் ஓட்டும் கோப்பு) என்பதால் முதலில் பதிப்பு எண்ணைப் பார். விண்டோஸ் இன்ஸ்டாலர் புராடக்ட் வெர்ஷனில் முதல் மூன்று எண்களை மட்டும்தான் ஒப்பிடும், நான்காவதைக் கண்டுகொள்ளாது. பீட்டா 3.0.0.412, ஃபைனல் 3.0.0.530 என்றால் அதன் கணக்கில் இரண்டும் ஒன்றே. புராடக்ட் கோட் (புரோகிராமின் அடையாள எண்) மாறியிருந்தால் பீட்டா நீங்காது, புரோகிராம் பட்டியலில் ஒரே பெயர் இரண்டு தடவை நிற்கும். புராடக்ட் கோட் மாறாமல் பேக்கேஜ் கோட் (அந்த எம்எஸ்ஐ கோப்பின் அடையாள எண்) மட்டும் மாறியிருந்தால், வேறு பதிப்பு ஏற்கெனவே இருக்கிறது என்று 1638 பிழை வரும். பீட்டாவுக்கு 2.9.x, ஃபைனலுக்கு 3.0.0 என்று ஆரம்பத்திலேயே வைத்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

இதைவிட மோசமானது காணாமல் போகும் கோப்பு. கடைசி வாரத்தில் ஏதோ பிரச்சினை என்று ஒரு டிஎல்எல்லை 5.2இலிருந்து 5.1க்குப் பின்வாங்கியிருப்பார்கள். ஃபைனல் செட்டப் தொடங்கியதும் எந்தெந்தக் கோப்பைப் போட வேண்டும் என்று முதலில் கணக்குப் போடும். டிஸ்கில் 5.2 இருப்பதைப் பார்த்து, ‘இதைவிடப் பெரிய பதிப்பு இருக்கிறது, நான் போட வேண்டாம்’ என்று முடிவுசெய்யும். அதன் பிறகுதான் பழைய பீட்டாவை நீக்கும் வேலை ஓடும், 5.2வும் அதோடு போய்விடும். கடைசியில் இரண்டு பதிப்புமே இல்லை, ஆனாலும் செட்டப் வெற்றி என்றே சொல்லும். ரிப்பேர் கொடுத்தால் கோப்பு திரும்ப வருகிறதென்றால் நோய் இதுதான். வெர்போஸ் லாக் (செட்டப்பின் விரிவான பதிவு) எடுத்து, கீ ஃபைலின் (காம்பொனென்ட்டின் முக்கியக் கோப்பு) பதிப்பு உயர்ந்தது என்பதால் காம்பொனென்ட்டை (ஒன்றாக நிறுவப்படும் கோப்புத் தொகுதி) அனுமதிக்கவில்லை என்று சொல்லும் வரியைத் தேடு. எல்லாக் கோப்பையும் கட்டாயமாகப் போடவைக்கும் சுவிட்ச் ஒன்று உண்டு. அது பகிர்ந்து பயன்படும் கோப்புகளையும் கீழிறக்கிவிடும், எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த 5.1இன் புரோகிராம் கோடையே 5.3 என்று பில்ட் செய்து தரச் சொல்.

பதிப்பு எண்ணே இல்லாத கான்ஃபிக் (அமைப்பு விவரக்) கோப்புகளுக்கு வேறு விதி. உருவான தேதியைவிட மாற்றிய தேதி பிந்தியதாக இருந்தால், பயனர் கைவைத்த கோப்பு என்று எண்ணி இன்ஸ்டாலர் அதைத் தொடாது. டெஸ்டர் பீட்டாவில் நோட்பேடில் திறந்து சேமித்த கோப்பு ஃபைனலிலும் அப்படியே இருப்பது அதனால்தான். ஆப்டேட்டா ஃபோல்டரில் (பயனருக்கான தரவு ஃபோல்டர்) புரோகிராம் தானாக எழுதியவை அன்இன்ஸ்டாலில் போகாது. அவற்றைக் கையால்தான் அழிக்க வேண்டும்.

டிரைவரும் உண்டு என்று எழுதியிருந்தாய், அதனால் இன்னும் ஒன்று. பீட்டா டிரைவருக்காக டெஸ்ட் சைனிங்கை (சோதனைக் கையொப்பமுள்ள டிரைவரையும் ஏற்கும் அமைப்பு) ஆன் செய்திருப்பீர்கள். டெஸ்க்டாப்பின் வலது கீழ் மூலையில் ‘டெஸ்ட் மோட்’ என்று தெரியும். ஃபைனலுக்கு முன் அதை ஆஃப் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். டெஸ்ட் சர்டிபிகேட்டை, விண்டோஸ் நம்பும் சர்டிபிகேட் பட்டியல்களான டிரஸ்டட் ரூட், டிரஸ்டட் பப்ளிஷர்ஸ் இரண்டிலிருந்தும் எடுங்கள். இல்லாவிட்டால் ஃபைனலின் கையொப்பம் சரியா என்பதைச் சோதித்ததாகவே ஆகாது. டிரைவர் ஸ்டோரில் (விண்டோஸ் டிரைவர்களைச் சேமித்து வைக்கும் இடம்) கிடக்கும் பழைய பேக்கேஜையும் நீக்க வேண்டும்.

ஆக, ஒவ்வொரு விண்டோஸ் பதிப்புக்கும் இரண்டு விர்ச்சுவல் மெஷின் வை: எதுவுமே போடாத சுத்தமான ஒன்று, பீட்டா போட்டுப் புழங்கிய ஒன்று. இரண்டையும் ஷட்டவுன் செய்தபின் ஸ்னாப்ஷாட் (அந்த நிலைக்குத் திரும்ப உதவும் நகல்) எடு. ஃபைனலை இரண்டிலும் போட்டு இன்ஸ்டால் ஃபோல்டரின் கோப்புப் பட்டியலை, பதிப்பு எண்ணோடு, ஒப்பிட்டுப் பார். எங்கே வேறுபடுகிறதோ அங்கேதான் வேலை. டொமைனில் (நிறுவனத்தின் மைய லாகின் அமைப்பு) சேர்ந்த மெஷின் என்றால் ஒரு எச்சரிக்கை: அங்கே மெஷினுக்கென்று இருக்கும் கணக்கின் பாஸ்வேர்டு இயல்பாக 30 நாளுக்கு ஒருமுறை மாறும். அதற்கு முந்தைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் டொமைனோடு நம்பிக்கை உறவு முறிந்தது என்று லாகின் மறுக்கும். ஸ்னாப்ஷாட்டை டொமைனில் சேர்ப்பதற்கு முன்பே எடுத்து வைப்பது உத்தமம்.

1638 வந்தாலோ கோப்பு காணாமல் போனாலோ லாக்கை முழுதாக அனுப்பு, கடைசிப் பக்கம் மட்டும் போதாது. கோப்பு பற்றிய முடிவு லாக்கின் முற்பகுதியிலேயே பதிவாகியிருக்கும்.

அன்புடன்,
குமார்