மாலை நேர நர்ஸ் அக்காவுக்கு நன்றி

அப்பா இருக்கும் முதியோர் இல்லத்தில் சில மாதங்கள் மாலைப் பணிக்கு வந்த நர்ஸ் அக்காவுக்கு இந்த நன்றி. பெயர் தெரியாது.

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்கு விழுங்குவதே போராட்டம். எல்லா மாத்திரைகளையும் பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள், புரையேறித் தவிப்பார். நீங்கள்தான் அதை நிறுத்தினீர்கள். மெதுவாகக் கரைய வேண்டிய சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் எஸ்ஆரைப் பொடித்தால் மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும், அசிடிட்டி மாத்திரை பான்டோபிரசோலின் மேல்பூச்சு போனால் வயிற்று அமிலத்திலேயே வீணாகிவிடும் என்று விளக்கி, டாக்டரிடம் பேசி மாற்று எழுதி வாங்கினீர்கள். வலிப்பு மருந்து சிரப்பாக வந்தது. அப்புறம், நிமிர்த்தி உட்காரவைத்து, ஒவ்வொன்றாக, கெட்டித் தயிரோடு கொடுத்து, விழுங்கி முடிக்கும்வரை காத்திருந்தீர்கள். அந்தப் பொறுமையை எந்தச் சம்பளத்திலும் வாங்க முடியாது. அப்பாவுக்கு இப்போது மருந்து நேரம் என்றால் பயமில்லை.

எங்கிருந்தாலும் நல்லா இருங்க அக்கா.