ஞாயிறு வரை பொறு, டிக்கெட் போடாதே

அன்புள்ள சீனு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். உன் அலைச்சறுக்குப் போர்டு பரணில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் இந்த அக்னி நட்சத்திர வெயிலில் கால் வழுக்காமலிருக்க அதில் தடவிய மெழுகு உருகிப் பக்கத்திலிருந்த புடவைப் பெட்டி மேல் ஒட்டிக்கொண்டுவிட்டது. வாங்கிக் கட்டிக்கொண்டது நான். கர்னல் உன்னை விசாரித்தார், அந்த ஐந்நூறு ரூபாயை மனிதர் இன்னும் மறக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய கேள்வியைப் பாலாவிடம் காட்டினேன். வருகிற சனி ஞாயிறா, அதற்கடுத்ததா, எதில் வந்தால் உனக்கு நல்ல அலை கிடைக்கும். அக்கா பையன்கள் இரண்டு பேரும் கூட வருகிறார்கள், அவர்கள் குளிக்கக் கடல் அமைதியாகவும் இருக்க வேண்டும். "அவனுக்கு விரதமும் வேணும், பிரியாணியும் வேணும்" என்றான் பாலா. இதற்கெல்லாம் கட்டைவிரலால் பதில் தட்ட முடியாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுதாகப் படி, பாதியில் மூடிவிட்டு "அப்ப எந்த சனிக்கிழமை?" என்று கேட்காதே.

முதலில் இங்கே நிலவரம். சித்திரை பிறந்ததிலிருந்து கடல் செத்துக் கிடக்கிறது. காலையில் சென்னைக்குத் தெற்கே இருக்கிற நம் கோவளம் போனால் போர்டு மேல் உட்கார்ந்துகொண்டு நாலு பேர் தண்ணீருக்குள்ளேயே அரசியல் பேசுகிறார்கள். மீன்பிடித் தடைக்காலம் வேறு, ஜூன் 14 வரை விசைப்படகு எதுவும் போகாது, ஃபைபர் போட்டுகள் மட்டும் இருட்டோடு போய்த் திரும்புகின்றன. மகாபலிபுரம் பாயிண்ட்டில் கொஞ்சமாவது உருளும் என்று நம்பிப் போன கோஷ்டி இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தது. அலை இல்லாத நாளில் நம் ஆட்கள் வேறென்ன செய்வார்கள், முன்னறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நானும்தான். அமெரிக்க வானிலைக் கம்ப்யூட்டர் மாடல் ஒரு நாளைக்கு நாலு தடவை புதிதாகக் கணக்குப் போடுகிறது, நானும் நாலு தடவை திறந்து பார்க்கிறேன். ஜாதகக் கட்டத்தைக்கூட யாரும் இப்படி உற்றுப் பார்க்க மாட்டார்கள் என்கிறாள் கல்பனா. அவள் சொல்வதில் தப்பில்லை, ஜாதகம் நாலு வேளையும் மாறாது.

இப்போது உன் பச்சைக் கட்டம். அலை ஆப்பில் அடுத்த வாரச் சனிக்கிழமையில் பச்சை தெரிகிறது, நல்ல அலை என்று குதித்தாயே, அதை நானும் பார்த்தேன். அலை உயரம் 0.7 மீட்டர், ஒரு முகட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 15 விநாடி, வருகிற திசை 165 டிகிரி. நீ எப்போதும் செய்கிற வேலை என்ன தெரியுமா, மீட்டரைப் பார்ப்பாய், நிறத்தைப் பார்ப்பாய், மூடிவிடுவாய். இந்த வாரமும் 0.8 மீட்டர்தான் காட்டுகிறது, போய்ப் பார்த்தால் முட்டிக்குக் கீழே நுரை. ஏன் என்று யோசித்தாயா? பக்கத்தில் இருக்கிற 6 விநாடியில்தான் விஷயமே இருக்கிறது. சாயங்காலக் கடல்காற்று இங்கேயே கிளப்பிவிட்ட அலை அது. ஒரு முகட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஐம்பத்தைந்து மீட்டர் இருந்தாலே அதிகம். கரைக்கு வெகு அருகே வந்த பிறகுதான் தரை இருப்பதே அதற்குத் தெரியும், வந்த உயரத்திலேயே கலைந்து போய்விடும். 15 விநாடி அலைக்கு ஆழ்கடலில் முகட்டுக்கு முகடு முந்நூற்றைம்பது மீட்டர். நூற்றெழுபது மீட்டர் ஆழத்திலேயே தரை அதன் காலைப் பிடிக்க ஆரம்பிக்கிறது. முன்பக்கம் வேகம் குறைய, பின்னால் வருவது ஏற, உடைகிற இடத்துக்கு வரும்போது ஏறக்குறைய இரண்டு மடங்கு எழுந்து நிற்கும். ஆகவே 0.7 என்று பார்த்து உதட்டைப் பிதுக்காதே. அதோடு அந்த 0.7 என்பதே எல்லா அலைகளிலும் பெரிதாக இருக்கிற மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி, நடுவில் ஒன்றிரண்டு அதைவிட நிறையப் பெரிதாகவே வரும்.

திசை 165 என்பதுதான் எனக்கு வாயூற வைக்கிறது. நமக்குத் தெற்கே இலங்கை படுத்துக்கிடக்கிறது. தென்மேற்கிலிருந்து வருகிற பெரிய அலையெல்லாம் கேரளத்துக்கும் கன்னியாகுமரிக்கும் போய்ச் சேருகிறது, நமக்கு இலங்கையைச் சுற்றி வளைந்து வருகிற மிச்சம்தான். வர்க்கலாவில் தலைக்கு மேல் அடிக்கிறது என்று அவர்கள் படம் போடுகிற அன்றைக்கு இங்கே கோவளத்தில் குழந்தைகள் மணல் வீடு கட்டிக்கொண்டிருக்கும், நினைவிருக்கிறதா உனக்கு, நீ எரிச்சலில் போனைத் தூக்கிப் போட்டது. தெற்கிலிருந்து கொஞ்சம் கிழக்கே சாய்ந்து வந்தால்தான் இலங்கையின் கிழக்குக் கரையைத் தாண்டி வங்காள விரிகுடாவுக்குள் நேராக நுழையும். அதற்கு, தெற்கே உறுமும் காற்றுப் பிரதேசத்தில், ஆஸ்திரேலியாவுக்கு மேற்கே ஒரு புயல் நிற்க வேண்டும். ஆப்பிரிக்காவுக்குக் கீழே நின்றால் நமக்குப் பிரயோஜனம் இல்லை. வரைபடத்தில் புயலைக் காட்டுகிற ஊதாக் கறை எங்கே விழுகிறது என்று நான் பார்ப்பது அதனால்தான். வெட்டிப் பொழுது என்று நீ நினைக்கலாம்.

அங்கிருந்து சென்னைக்கு ஆறாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் போல. 15 விநாடி அலைக் கூட்டம் மணிக்கு நாற்பத்திரண்டு கிலோமீட்டர் வேகத்தில் நகரும், ஓ.எம்.ஆரில் உன் பைக் போகிற வேகம்கூட இல்லை. ஆறரை நாள் ஆகிவிடும். இப்போது கணக்குப் போட்டுப் பார். இன்றைக்குச் செவ்வாய். நீ பார்த்த பச்சை அடுத்த வாரச் சனிக்கிழமைக்கு. அதற்கு முன்னால் ஆறரை நாள் என்றால் இந்த வாரம் ஞாயிறு. அதாவது அந்த அலையைப் பெற வேண்டிய புயல் இன்னும் பிறக்கவே இல்லையடா! பிறக்கும் என்று கம்ப்யூட்டர் சொல்கிறது, பிறந்து இந்தப் பக்கம் முகம் திருப்பும் என்கிறது, அந்தப் பிறக்காத புயலின் அலைக்குத்தான் உன் ஆப் பச்சை அடித்து வைத்திருக்கிறது, நீ அதை நம்பி ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போடுகிறேன் என்கிறாய். நேற்று மத்தியானம் பார்த்தபோது 0.9. ராத்திரி 0.5. இன்று காலையில் 0.7. ஐரோப்பிய மாடலைப் பார்த்தால் அந்தப் புயலே ஐந்நூறு மைல் மேற்கே தள்ளி நிற்கிறது, அப்படி நடந்தால் இலங்கை குறுக்கே நிற்கும், உனக்குக் கிடைப்பது பூஜ்யம்.

ஞாயிறு ராத்திரிக்குள் புயல் நிஜமாகவே வந்து நின்றுவிட்டதென்றால் கதை வேறு. அப்போது அது ஆரூடம் இல்லை, அளந்த கணக்கு. செயற்கைக்கோள்கள் அந்தக் கடல் மேலே போகும்போது காற்றையும் அலை உயரத்தையும் அளக்கின்றன, அது மாடலுக்குள் போகிறது. நம் ஓஷன்சாட்-3 கூடக் கடல் மேல் காற்றை அளக்கிறதுதான், 2022 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியதே, பாலா வீட்டு மொட்டை மாடியில் நின்று நாம் அண்ணாந்து பார்த்தோமே, அதேதான். கிளம்பிவிட்ட அலை வழியில் மனது மாறாது. வெள்ளிக்கிழமை வாக்கில் முதலில் ஒரு சின்ன அறிகுறி வரும், 0.2 மீட்டர், 18 விநாடி என்று. நீளமானவைதான் வேகமாக ஓடும், அதனால் முதலில் வந்து சேரும். கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் அந்த 18 வந்துவிட்டால் பின்னால் 16, 15 என்று கூட்டம் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

காற்றைப் பற்றி இப்போதே எழுதிப் பயனில்லை. மே மாதத்தில் விடியலில் கரையிலிருந்து லேசாக வீசும், பத்துப் பதினொரு மணிக்கு மேல் கடல்காற்று வந்து கெடுத்துவிடும், அவ்வளவுதான். ஐந்தரை மணிக்குத் தண்ணீரில் இருக்க வேண்டும். நீ எழுந்திருக்கிற லட்சணம் எனக்குத் தெரியும்.

இனி பையன்கள் விஷயம். இதில் விளையாட்டு வேண்டாம், சீனு.

நீ கேட்ட கேள்வியில், உனக்கு அலை, அவர்களுக்கு அமைதி என்று இரண்டையும் ஒரே நாளில் கேட்டிருந்தாய். பயமே என்னவென்றால், இரண்டும் ஒரே நாளில் கிடைப்பது போலவே தோன்றும். 15 விநாடி அலை ஓயாமல் அடிக்காது. நாலைந்து பெரிதாக ஒரு செட் வரும், அப்புறம் பத்து நிமிஷம், சில சமயம் கால் மணி நேரம் ஒன்றுமே இருக்காது. காற்று இருக்காது. வானம் பளிச்சென்று இருக்கும். மேலே நின்று பார்க்கிற யாரும், குளிக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்றுதான் சொல்வார்கள். பையன்கள் இடுப்பளவுக்குப் போய்விடுவார்கள், அக்கா கரையில் நின்று போட்டோ எடுப்பாள், அப்போது அடுத்த செட் வரும். வந்த தண்ணீர் அத்தனையும் திரும்பிப் போக ஒரு வழி வேண்டுமே, அந்த இழுப்பில் நீச்சல் தெரிந்தவனே திணறுவான். இவர்களுக்கு அபார்ட்மெண்ட் குளத்தில் நீந்தத் தெரியும், அவ்வளவுதானே?

2024 மே 6 உனக்கு நினைவிருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் கடலில் மூழ்கிப் போய்விட்டார்கள். ஐதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ், அதாவது கடல் தகவல் மையம், முந்தைய நாட்களிலேயே கள்ளக்கடல் (சொல்லாமல் பொங்கி வருகிற அலை) எச்சரிக்கை கொடுத்திருந்தது. ஏப்ரல் கடைசியில் தெற்கே எங்கேயோ கிளம்பிய அலை அது. நாம் அந்த மாதிரிக் கிளம்புகிற அலைக்காகத்தான் ஊதாக் கறையைப் பார்த்து எச்சில் விழுங்குகிறோம். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து, ஒரு நல்ல ஸ்வெல், தொலைவிலிருந்து கிளம்பி வருகிற அலைக் கூட்டம், வருகிறது என்று எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷத்தோடு இன்னொன்றும் சேர்ந்து வருகிறது, அதை யாரிடமும் சொன்னதில்லை. நம் ஆட்கள் முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு விடிகாலையில் கடலுக்குப் போகிறோம், எட்டு மணிக்குப் போர்டைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்கு வந்துவிடுகிறோம், பெசன்ட் நகரில் சாயங்காலம் வந்து இறங்குகிற குடும்பத்துக்கு அந்த எண் எப்படித் தெரியும்? நமக்குத் தெரியும், சொல்வதில்லை. போன வருஷம் செல்வம் அண்ணன் ஒரு காலேஜ் கூட்டத்தைக் கத்திக் கரையேற்றினார், அவர்கள் அவரிடம் சண்டைக்கு வந்தார்கள், அதற்குப் பிறகு அவரே "எவன்டா கேக்கறான்" என்று விட்டுவிட்டார். அவர் மேல் குறை சொல்ல முடியாது. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

இந்த வாரத்துக் கடல் ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை, மட்டமான கடலிலும் இழுப்பு உண்டு, நம் கரையின் சரிவு அப்படி. ஆனால் அது ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியும், பையன்களும் தானாகவே பயப்படுவார்கள்.

ஆகவே இதுதான் ஏற்பாடு. இந்த வாரம் வேண்டாம், வந்தால் பையன்களுக்கு ஜாலி, நீ ரெண்டு நாளும் முனகிக்கொண்டே இருப்பாய், அடுத்த வாரம் அலை வந்துவிட்டால் என்னைக் கொன்றே போடுவாய். ஞாயிறு ராத்திரி நான் பார்த்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை அனுப்புகிறேன். "பிறந்தது" என்று வந்தால் வெள்ளி ராத்திரி பஸ். சனி விடியலில் நீயும் நானும் பாலாவும் தண்ணீரில், பையன்கள் அந்த இரண்டு நாளும் கடலில் கால்கூட வைக்கக் கூடாது, முட்டுக்காடு உப்பங்கழியில் லைஃப் ஜாக்கெட் போட்டுத் துடுப்பு வலிக்கட்டும், அதற்கு ஆள் சொல்லி வைக்கிறேன். "பிறக்கவில்லை" என்று வந்தாலும் கிளம்பி வா, அப்போது செல்வம் அண்ணன் பெரிய மெத்தைப் போர்டுகளில் அவர்களைப் படுக்க வைத்து, முட்டியளவுத் தண்ணீரில் கூடவே நின்று தள்ளிவிடுவார், நீ கரையில் உட்கார்ந்து கர்னலோடு ஐந்நூறு ரூபாய்க் கணக்கைப் பேசித் தீர்த்துக்கொள்.

அக்காவிடம் நீ எதுவும் சொல்லாதே, நீ சொன்னால் ஒன்று பயமுறுத்துவாய் அல்லது உளறுவாய். நானே போன் செய்கிறேன். வரும்போது வெயிலுக்குத் தாங்குகிற கெட்டி மெழுகு நாலு கட்டி வாங்கி வா, இங்கே கிடைப்பதெல்லாம் வெண்ணெயாக வழிகிறது. அம்மாவுக்குப் புடவைப் பெட்டியும் ஒன்று.

அன்புடன்,
மணி