ஓடைக்கரையில் நின்றவர்களுக்கு

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கும், பக்கத்து ஊர்க்காரர்களுக்கும், கடல் தாண்டி வேலைக்குப் போயிருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

இந்த நன்றி மடலைப் போன வருஷமே எழுதியிருக்க வேண்டும். ஓடைக்குக் குறுக்கே நாம் எழுப்பிய புதுக்கரை ஒரு வாடைக்கால மழையைத் தாங்கட்டும், அப்புறம் எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். தாங்கிவிட்டது. மாசி பிறந்து பத்து நாள் ஆகிறது. இன்று காலையில் மணல்மேட்டு ஊற்றில் சிரட்டையால் மோந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். கரிக்கவில்லை. உடனே நோட்டை எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

வெளியூரில் இருந்து பணம் அனுப்பிய சிலர் இந்த அணையைப் பார்த்ததே இல்லை. அவர்களுக்காகக் கொஞ்சம். ஏர்வாடிக்கும் வாலிநோக்கத்துக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டுத் தெற்கே இறங்கினால் எங்கள் ஊர். கண்மாயில் மிஞ்சுகிற தண்ணீர் ஓர் ஓடையாகக் கடலுக்குப் போகிறது. கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால் அந்த ஓடைக்குக் குறுக்கே ஒரு மண்கரை, ஓரத்தில் பலகை போட்டு அடைக்கும் சின்னக் கலுங்கு, அவ்வளவுதான். அணை என்று சொன்னால் வைகை அணையைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். இந்த முனையில் நின்று கூப்பிட்டால் அந்த முனையில் கேட்கும். உயரம் ஒன்றரை ஆள் இருக்கும். இதை நம்பி ஒரு குழி நிலம்கூடப் பாசனம் கிடையாது.

"பாயாத தண்ணிக்கு எதுக்கு இம்புட்டுப் பாடு?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொன்னது ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார் அய்யா. முதல் நன்றி அவருக்கு. கூட்டத்துக்கு ஒரு கண்ணாடித் தம்ளரோடு வந்தார். பாதித் தம்ளர் கடல் தண்ணீரில் ஒரு துளி சொட்டு நீலம் விட்டார். அதன்மேல் ஒரு கரண்டியைச் சாய்த்துப் பிடித்து, நல்ல தண்ணீரை மெதுவாக வழியவிட்டார். நீலம் அடியிலேயே நின்றது, நல்ல தண்ணீர் மேலே மிதந்தது. "நம்ம ஊர் மண்ணுக்குள்ள இப்படித்தான் இருக்கு. கடல் மட்டத்துக்கு மேல ஓர் அடி நல்ல தண்ணி நின்னா, கீழ 40 அடி வரைக்கும் உப்பைத் தள்ளி வைக்கும். மேல குறைஞ்சா, கீழ இருந்து உப்பு ஏறும்." ஓர் அடிக்கு 40 அடி என்ற அந்தக் கணக்குதான் ஊரை அசைத்தது. ஓடையில் நிற்கும் தண்ணீர் மணலில் இறங்கி ஊற்றுக்கு வருகிறது. அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தில் கடல் ஓடைக்குள் ஏறாமல் கரை மறிக்கிறது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது இங்கேயும் கடல் ஏறியதாக எங்கள் அப்பத்தா சொல்வார். அதற்கப்புறம் பல வருஷம் ஊற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லையாம். அந்தக் காலத்துப் பேச்சு என்று நாங்கள் அதைக் காதில் வாங்கியதில்லை.

இனி என் தப்புக்கு வருகிறேன். போன வருஷத்துக்கு முந்தின கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. நம் மாவட்டத்தில் வருஷத்துக்கே 800 மில்லிமீட்டர் சொச்சம்தான் பெய்யும். அதில் பாதிக்கு மேல் வாடையில் கொட்டித் தீர்த்துவிடும். கரை முட்ட நின்ற தண்ணீரைப் பார்க்க எல்லோருக்கும் சந்தோஷம். ஆடு மேய்க்கும் சித்தப்பா மட்டும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஆத்தா, வெளிப்பக்கம் அடிக்கரை நசநசன்னு கிடக்கு, ஒரு எட்டு வந்து பாரு." மழை ஈரமாக இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுநாள் சாயங்காலம் அவர் பேசவே இல்லை. ஒரு தூக்குவாளியை என் முன்னால் வைத்தார். அந்த ஈரத்திலிருந்து பிடித்த தண்ணீர், காப்பி நிறத்தில் இருந்தது. கசிவு தெளிவாக வந்தால் பெரிய பயமில்லை. கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள் கரைந்து போகிறது என்று அர்த்தம். எனக்கு அது தெரியாது, அவருக்குத் தெரிந்திருந்தது. சித்தப்பா, அன்று வாசலிலேயே உங்களைத் திருப்பி அனுப்பியதற்கு மன்னிப்பும், மறுபடி வந்ததற்கு நன்றியும்.

அன்று ராத்திரி நடந்தது பலருக்கும் தெரியும். ஆனால் யார் என்ன செய்தார்கள் என்பது இருட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்காது. முதலில் கலுங்குப் பலகையை எடுத்துத் தண்ணீரை இறக்கினோம். அவ்வளவு நல்ல தண்ணீர் கடலுக்குப் போவதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு அத்தை அழுதேவிட்டார். வெளிப்பக்கம் கசிகிற இடத்தைச் சுற்றி மணல்மூட்டையால் கிணற்றுச் சுவர் மாதிரி வட்டம் கட்டினார்கள். அதற்குள் தண்ணீர் கொஞ்சம் உயர்ந்தால் அதுவே எதிர்த்து அழுத்தும், மண்ணும் வெளியே போகாது. சாக்கு தந்தவை மளிகைக் கடையும் கருவாட்டுக் கொட்டகையும். கருவாட்டுச் சாக்கின் வாடை இரண்டு நாள் எங்கள் கையைவிட்டுப் போகவில்லை. அது போகட்டும்.

ஓட்டை உள்பக்கம் எங்கே என்று தெரியவில்லை. எண்பது வயதைத் தாண்டிய பழைய நீர்ப்பாய்ச்சித் தாத்தாவைக் கட்டிலோடு தூக்கி வந்தோம். அவர் கேட்டது ஒரு மரக்கால் உமி. கரையோரமாகத் தண்ணீரில் தூவச் சொன்னார். டார்ச் வெளிச்சத்தில் உமி சும்மா மிதந்துகொண்டிருந்தது. பிறகு ஓர் இடத்தில் மட்டும் மெல்ல வட்டம் போட்டது. வட்டம் சுருங்கிச் சுருங்கி, நடுவில் ஒரு காசு அளவு குழி விழுந்தது. உமி ஒவ்வொன்றாக அதற்குள் போயிற்று. "அங்கனதான்" என்றார் தாத்தா. பேச்சு மூச்சில்லாமல் நின்றோம்.

இறங்கியது சங்கு குளிக்கப் போகும் தம்பி. வைக்கோலும் களிமண்ணும் பிசைந்து அடைத்த சாக்கை மார்போடு அணைத்துக்கொண்டு முங்கினான். "அக்கா, நான் அஞ்சாறு பாகம் ஆழத்துல சங்கெடுக்கிறவன், இது எனக்குத் தொட்டித் தண்ணி" என்று சிரித்துவிட்டுத்தான் போனான். ஆனால் கலங்கல் தண்ணீரில் கண் தெரியாது. இழுக்கிற ஓட்டையில் கை மாட்டினால் அவ்வளவுதான். மூன்றாவது முங்கில் சாக்கு உட்கார்ந்தது. வெளிப்பக்கத் தண்ணீர் தெளிய விடிந்துவிட்டது. தம்பி, உன் அம்மா அன்று கரையில் நின்று வேண்டிக்கொண்ட கிடாய் இன்னும் பாக்கி இருப்பதாகக் கேள்வி. அதில் ஊருக்கும் பங்குண்டு.

பங்குனியில் கரையைப் பிரித்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. முன்னால் கரை போட்டவர், பெயர் வேண்டாம், கருவைமரத்தை வெட்டிவிட்டு வேரை உள்ளேயே விட்டு, மேலே கடற்கரை மணலைக் கொட்டி மெழுகியிருக்கிறார். உள்ளே மக்கிய வேர் தொடைத் தடிமனுக்கு ஒரு குழாய் ஆகியிருந்தது. கரையில் கருவை வேண்டவே வேண்டாம் என்று அன்றைக்கே தீர்மானம் போட்டோம். கண்மாய் உள்வாயில் களிமண் எடுக்க முறையாக அனுமதி வாங்கித் தந்த கிராம நிர்வாக அலுவலருக்கும், டிராக்டருக்கு டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்ட கீழக்கரைக் காக்கா (அண்ணன்) அவர்களுக்கும் நன்றி. அரை அடி, அரை அடியாக மண் போட்டு, தண்ணீர் தெளித்து, உருட்டி இறுக்கினோம். மண் பதத்தைப் பார்த்தவர்கள் மகளிர் குழு அக்காமார். கைப்பிடி மண்ணைப் பிடித்தால் கொழுக்கட்டை நிற்க வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. ஒட்டிய மண்ணைத் திருப்பி அனுப்பியதில் ஓட்டுநர்களுக்குக் கோபம்தான். ஆனால் மறுபேச்சில்லை.

மீன்பிடிக்கும் குடும்பங்களுக்கு என் நன்றி தனி. கரையால் அவர்களுக்கு லாபம் பாதி, நட்டம் பாதி. ஓடைக்குள் ஏறி வரும் இறால்குஞ்சு கரையோடு நின்றுவிடும். வீச்சுவலை போடுகிற பெரியவர்கள் இதைக் கூட்டத்திலேயே சொன்னார்கள், சரியாகத்தான் சொன்னார்கள். கடைசியில் மழைக்கு முன்னால், ஓடை வற்றிக் கிடக்கும் ஆவணியிலும் புரட்டாசியிலும் பலகையை எடுத்துவைப்பது, ஐப்பசி முதல் மழையில் ஓடை அலசியதும் அடைப்பது என்று பேசி முடித்தோம். முதல் வருஷம் வலைக்காரர்களுக்கு வரும்படி குறைந்தது. அதைச் சொல்லிக் காட்டாமல் சாக்கும் கயிறும் ஆளும் தந்தார்கள். இந்த ஏற்பாடு சரிப்படவில்லை என்றால் மறுபடி உட்கார்ந்து பேசலாம். கதவு திறந்தே இருக்கிறது.

1858-இல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் போட்டார்களாம். கரை உடைகிற நேரத்தில் வேலைக்கு வராதவனிடம் தண்டம் வசூலிக்கலாம் என்று. வாத்தியார் அய்யா சொல்லிச் சிரித்தார். எங்கள் நோட்டில் அந்த மாதிரி வரவு எதுவும் இல்லை. சவூதியில் இருந்தும் சிங்கப்பூரில் இருந்தும் வந்த பணம், உண்டியல் உடைத்த பள்ளிப் பிள்ளைகளின் சில்லறை, கேப்பைக்கூழும் வறுத்த நெத்திலியும் வேளாவேளைக்குக் கொண்டுவந்த வீடுகள், எல்லாம் வரவில் எழுதியிருக்கிறது. கணக்கை அய்யனார் கோயில் சுவரிலும் பள்ளிவாசல் பலகையிலும் ஒட்டியிருக்கிறோம். கூழை எப்படிக் கணக்கில் எழுதுவது என்று தெரியாமல் "கூழ்: நிறைய" என்று எழுதியிருக்கிறேன். தணிக்கை செய்பவர் மன்னிக்கவும்.

பள்ளிப் பிள்ளைகள் வெளிச்சரிவின் அடியில் ஊன்றிய பனங்கொட்டைகளில் முக்காலே மூணு வீசம் முளைத்திருக்கின்றன. ஆடு கடிக்காமல் சித்தப்பாதான் பார்த்துக்கொள்கிறார், அதுவும் அவர் ஆடுகளே என்பதால் இரட்டை வேலை.

அப்புறம் ஒன்று. அந்த ராத்திரி கரையில் விட்டுப்போன இரண்டு மண்வெட்டியும், மூடி இல்லாத ஒரு தூக்குவாளியும், ஒற்றைக் கால் செருப்பும் இன்னும் எங்கள் திண்ணையில் கிடக்கின்றன. தூக்குவாளி அடியில் ஒரு மீன் படம் கீறியிருக்கிறது. உரியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓடைக்கரைக் கணக்கு நோட்டு வைத்திருப்பவள்